3A குழாயின் மகிமை

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே புழுக்கம். பினாங்கு ஜெலுத்தோங் பசார் பக்கம் மீன் வாடையோடு ஜாம்.

வெளியே சொல்ல முடியாதது, இங்கே மட்டும்: எட்டு மாதமாக நான் வேலை பார்க்கும் லேப் என்ன செய்கிறது என்று இன்றுதான் தெரிந்தது. புரோட்டீன் என்றார்கள். ஜிம் பையன்கள் பாலில் கலக்கிக் குடிப்பார்களே, அந்தப் பவுடர் என்று நினைத்திருந்தேன். சர்ச்சில் பாதிப் பேரிடம் அப்படியே சொல்லியும் வைத்தேன். அந்தோணி ஒரு டின் கேட்டு ஞாயிறுதோறும் நச்சரிப்பு.

ஸ்டெல்லாதான் கண்ணைத் திறந்தாள். லேபில் உண்மையாக வேலை செய்யும் ஒரே ஆள், என் மகள் வயது.

"அங்கிள், இது சாக்கடையில அடைச்சிருக்கிற எண்ணெயத் தின்னுற புரோட்டீன். குடிச்சு வச்சிராதீங்க லா."

அந்தோணி தப்பித்தான். 'அங்கிள்' தேவையில்லாதது. அண்ணே போதும்.

ஜூலை 8, செவ்வாய்

வெயில். டாக்டர் ரகு சென்னையிலிருந்து வீடியோவில். வடிவமைப்பு அவருடையது, அதாவது அவருடைய மொழி மாடலுடையது. லீவு லெட்டர் எழுதித் தருகிறதே, அதே ஜாதி. இதற்கு வார்த்தைக்குப் பதில் இருபது எழுத்துகள், ஒவ்வொன்றும் ஓர் அமினோ அமிலம். ஊர்ப்பட்ட புரோட்டீன்களைப் படித்துவிட்டு, அடுத்த எழுத்து எது என்று ஊகித்து ஊகித்து, உலகத்திலேயே இல்லாத புரோட்டீனை எழுதுமாம்.

"எண்ணெய்னா என்னன்னு அதுக்குத் தெரியுமா டாக்டர்?"

"அது பெரிய கேள்வி சார்."

அவருக்கும் தெரியாது போல. தலையாட்டினேன். புரியாத இடத்தில் தலையாட்டுவதில் எனக்கு நீண்ட அனுபவம்.

மாலை தவுக்கே, எங்கள் சீன முதலாளி, வந்தார். முன்பு பாத்திரம் கழுவும் சோப்பு விற்றவர், நான் அவருடைய ஸ்டோர் கீப்பர். இப்போது விஞ்ஞானம் செய்கிறார், நான் அதற்கும் ஸ்டோர் கீப்பர். முந்தைய இரண்டு முயற்சியும் ஊற்றிக்கொண்டது. "இந்த வாட்டியும் ஓடலன்னா ஹாபிஸ் லா," என்றார். மாதக் கடைசியில் லேப் மூடல்.

ஸ்டெல்லாவுக்குச் சிங்கப்பூரில் ஒரு வேலை காத்திருக்கிறது. எனக்கு? ஐம்பத்து நாலு வயது. தவுக்கேவிடம் இன்னும் ஐம்பத்து மூன்றுதான். நாலு அவருக்கு ஆகாது. சீன மொழியில் சாவு மாதிரி ஒலிக்குமாம்.

ஜூலை 9, புதன்

தலைவலி. எட்டுக் குழாய்கள் வந்து இறங்கின. உள்ளே இருப்பது செய்முறை மட்டும். அதைக் கிருமிக்குள் ஏற்றிப் புரோட்டீனாக வளர்ப்பது ஸ்டெல்லா பாடு. ஏழு, மாடல் எழுதியவை. ஒன்று இயற்கை, மண்ணில் வாழும் கிருமியுடையது. எண்ணெய் தின்னும் என்று ஏற்கெனவே தெரியும், ஒப்பிட்டுப் பார்க்க மட்டும். எது எது என்று ஸ்டெல்லாவுக்குத் தெரியக்கூடாதாம், தெரிந்தால் மனசு சாயுமாம். பட்டியல் டாக்டரிடமும் என்னிடமும்.

வரிசைப்படி லேபிள் ஒட்டினேன். தவுக்கே எட்டிப் பார்த்தார். எண்கள் மேல் கண்ணை ஓட்டினார், திருப்தியாகப் போய்விட்டார்.

வாங்க: மாஸ்கிங் டேப், மைலோ, மனைவி ரோசியின் கால்வலித் தைலம்.

ஜூலை 18, வெள்ளி

மழை. கூரையில் ஒழுக்கு, அடியில் வாளி.

முனைக் கடை வறுவல்காரர் சாக்கடையில் ஊற்றவிருந்த எண்ணெயை வாங்கித்தான் சோதனை. ஏழு தட்டில் அசைவே இல்லை. ஒன்றில் மட்டும் நடுவில் நிலா மாதிரி தெளிவு.

"3A," என்றாள் ஸ்டெல்லா.

டாக்டர் திரையை நோக்கிக் குனிந்தார். "3A-வா? மூணாவது டிசைனோட தம்பி அது. நல்லா வராதுன்னு நான் லிஸ்ட்லேர்ந்தே தூக்கிட்டேன். நேச்சுரலுக்குப் பதிலா அதை வச்சுட்டீங்களா சார்?"

தலையாட்டினேன்.

"என்ன தோணி மாத்துனீங்க?"

"ஒரு இது."

நான் எப்போது மாற்றினேன்? யோசித்துப் பார்த்தேன், நினைவில்லை. டாக்டர் எழுத்துகளைத் தந்தார், நான் ஆர்டர் போட்டேன். எங்கேயோ கை தவறியிருக்கும். என் கை தவறுவது புதிதில்லை, நல்லது நடப்பதுதான் புதிது.

3A ஏன் வென்றது என்று டாக்டர் ஒரு சாட் மாடலைக் கேட்டார். "அருமையான கேள்வி" என்று தொடங்கி மூன்று பத்தி. நடுவில் ஓர் எழுத்து மாறியதால் புரோட்டீனின் வாய் அகலமாகி, எண்ணெய் லகுவாக நுழைகிறதாம். என்னைவிடத் தெளிவாகப் பேசுகிறது. அதற்கும் தலை இருந்தால் ஆட்டியிருக்கும்.

ஜூலை 20, ஞாயிறு

பூசைக்குத் தாமதம். லேப் மூடவில்லை. தவுக்கே இன்னும் இரண்டு பேரை எடுக்கப் போகிறார். ஸ்டெல்லா சிங்கப்பூருக்கு 'வரவில்லை' என்று மெயில் அனுப்பிவிட்டாள்.

ரோசி சர்ச் வாசலில் நின்று, "இவருதான் கண்டுபிடிச்சாரு." ஃபாதரே கை குலுக்கினார்.

அந்தோணி: "அதெல்லாம் சரிடா, டின் எங்க?"

எனக்குப் பெருமையாக இருக்கிறது. எதற்கு என்றுதான் தெரியவில்லை.

ஜூலை 23, புதன்

மறுபடி புழுக்கம். டாக்டர் ரகு முதல் முறையாகப் பினாங்கில். ஏர்போர்ட்டிலிருந்து நான்தான் கூட்டி வந்தேன். லிஃப்டில் பட்டன்களைப் பார்த்துக் குழந்தை மாதிரி சிரித்தார்.

"நம்ம 3A பேர்ல ஒரு மாடியே இருக்கே சார்." போனில் படம் எடுத்துக்கொண்டார். "ஆமா, நாலாவது மாடி எங்க?"

"நாலு போட மாட்டாங்க டாக்டர், ஆகாது. அதுக்குப் பதிலா 3A. என் ஃபிளாட்டும் 3A-தான். கடையில சோப்பு அட்டைப்பெட்டிக்குக்கூட நான் அப்படித்தான் எழுதி..."

வாய் அங்கேயே நின்றது. டாக்டர் படம் சரியாக வந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தார். கதவு திறந்தது. தவுக்கே, ஸ்டெல்லா, கைத்தட்டல். கேக்கின் மேல் கிரீமில் 3A. வெட்டச் சொல்லிக் கத்தியை என் கையில் கொடுத்தார்கள். வெட்டினேன்.

வீட்டுக்கு வந்து பட்டியலை எடுத்துப் பார்த்தேன். நாலாம் எண்: இயற்கை, மண் கிருமி.