தாழ்ப்பாள் இல்லாத கதவு

மே 6, திங்கள்

இந்த வெயிலில் முழுக்கைச் சட்டை. மந்தாரக்குப்பமே விசிறிக்கினு கெடக்கு, எங்க வூட்டுக்காரருக்கு மட்டும் என்ன வந்ததோ. கேட்டால் தோல் கறுக்குதாம். பெரிய மாப்பிள்ளை! இத்தனை வருஷம் வெல்டிங் பண்ணின தோல் இனிமேல்தான் கறுக்கப் போகுதாக்கும்.

பாத்ரூமுக்குப் போனால் அரை மணி நேரம். தண்ணி சத்தமே கேட்பதில்லை.

மே 9, வியாழன்

பார்த்துட்டேன். சட்டை மாத்தும்போது கதவு லேசாகத் திறந்திருந்தது. இடது கை முழுக்கக் காயம். சிலது ஆறினது, சிலது புதுசு. பாத்ரூமில் அரை மணி நேரம் இதுக்குத்தான்; அவரேதான் பண்ணிக்கிறார். யா அல்லாஹ், சாகப் பார்க்கிறாரா? என்னையும் பிள்ளையையும் விட்டுட்டா? எழுத முடியல.

மே 10

கேட்டேன். கேட்டேன் என்ன, கத்தினேன். நான் என்ன பாவம் பண்ணினேன், பிள்ளையை நினைச்சீங்களா என்று வாய்க்கு வந்ததெல்லாம். அவர் சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டார், அவ்வளவுதான். ஜும்ஆவுக்குப் போன நேரத்தில் பாத்ரூம் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். இனி என்ன செய்கிறார், பார்க்கலாம்.

மே 12

குளிக்கவில்லை. சரியாகச் சாப்பிடவும் இல்லை. கதவில் தாழ்ப்பாள் இருந்த ஓட்டைகளையே பார்த்துக்கினு இருக்கார். அவர் எழுந்தால் நானும் எழுகிறேன். தோட்டத்துப் பக்கம் போனால் பின்னாலேயே போகிறேன். என் புருஷனைப் பார்த்தே எனக்குப் பயமா இருக்கு — சொந்த வூட்ல போலீஸ் வேலை பார்க்கிறேன்.

மே 14

நர்ஸ் புவனா அக்கா ஜாக்கெட் தைக்கக் கொடுக்க டவுன்ஷிப்பிலிருந்து வந்தார். என் முகத்தைப் பார்த்தே என்னவென்று கேட்டுவிட்டார். அழுதுட்டேன். கடலூரில் மனநல டாக்டர் இருக்காங்க, தள்ளிப் போடாதே என்றார். பைத்தியம்னு சொல்லிடுவாங்களோ? இவர் வரவே மாட்டார் என்று நினைத்தேன். சொன்னதும் சரியென்று தலையாட்டினார்.

மே 16

டாக்டர் காந்திமதி முதலில் அவரிடம் தனியாகப் பேசினார், பிறகு என்னையும் கூப்பிட்டார். போன வருஷம் வெளிமாநில ஆலைக்கு கான்ட்ராக்டில் போனபோது கூட வேலை செய்த வேணு தொட்டிக்குள் மூச்சடைத்து இறந்தது எனக்குத் தெரியும். மிச்சம் தெரியாது. ஒருத்தர் உள்ளே இறங்கினால் இன்னொருத்தர் வெளியே நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டுமாம். உள்ளே இருப்பவர் பதில் சொல்ல வேண்டுமாம். அன்றைக்கு வெளியே நின்றது இவர்.

"கூப்பிட்டுக்கினே இருந்தேன் டாக்டர். பதில் நின்னுடுச்சு. அந்த அமைதி இன்னும் காதுல இருக்கு. கை வலிச்சா கொஞ்ச நேரம் அது கேக்காது."

பக்கத்திலேயே படுத்திருக்கேன். எனக்குத் தெரியலையே.

சாகணும்னு தோணுதா என்று டாக்டர் நேராகவே கேட்டார். இல்லை என்றார். எனக்கு உயிர் வந்தது. உள்ளே தாங்க முடியாதது எழும்பும்போது வலி அதைக் கொஞ்ச நேரம் அமுக்குகிறது, அதனால் மனசு திரும்பத் திரும்ப அங்கேயே போகிறது என்றார் டாக்டர். நடிப்பு இல்லை, உங்கள்மேல் கோபமும் இல்லை. அதற்காக விட்டுவிடவும் கூடாது, வாராவாரம் வரணும். திட்டினால் வெட்கப்பட்டு இன்னும் ஒளிப்பார் என்றும் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மே 30

மறுபடியும். அவரே வந்து காட்டினார். கத்தல. மருந்து போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதேன். இது எப்பத்தான் நிக்கும்?

ஜூன் 18, செவ்வாய்

நேற்று பெருநாள். வீடு நிறைய ஆள். இன்று காலையிலிருந்து கூடத்தில் நடந்துகொண்டே இருந்தார். பிறகு தையல் மெஷின் பக்கத்தில் வந்து நின்றார். கையில் அந்தத் தாழ்ப்பாள். டிராயரில் நான் ஒளித்து வைத்தது.

"இப்ப அது வருது, ஆசிஃபா. குளிக்கணும். நீ வெளிய நில்லு."

அவர் பிடித்துக்கொள்ள நானே திருகி மாட்டினேன். உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

"மச்சான்" என்றேன்.

"பேரைச் சொல்லிக் கூப்பிடு."

கல்யாணம் ஆனதிலிருந்து அவர் பேரை என் வாயால் சொன்னதில்லை. நாக்கு புரளவில்லை.

"ஆரிஃப்."

"இருக்கேன்."

தண்ணி விழுகிற சத்தம் கேட்டது. மறுபடி கூப்பிட்டேன். மறுபடி பதில் வந்தது. குளித்து முடித்துக் கதவைத் திறக்கும்வரை கூப்பிட்டுக்கொண்டே நின்றேன்.