நேற்று எழுந்ததிலிருந்து என்ன செய்தீர்கள், மாப்பிள்ளை?

மணிமங்கலம்,
ஆகஸ்ட் 1991

என் அன்புக்கும் கோபத்துக்கும் உரிய மாப்பிள்ளை,

நீங்கள் போய் நான்கு மாதம் ஆகிறது. முதலில் வீட்டுச் சேதி. என் தங்கை சரோஜா இன்னும் மாடியை விட்டு இறங்கவில்லை. வருஷம் திரும்புகிறவரை வாசல் தாண்டக் கூடாது என்று உங்கள் பெரியம்மா சொல்லிவிட்டுப் போனார். அவளும் அதையே பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். போன வாரம் பார்த்தபோது இரண்டு காலும் வீங்கியிருந்தன. ஆஸ்பத்திரியில் உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் டாக்டரம்மா வீடு தேடி வந்து பார்த்தார். பயப்பட ஒன்றுமில்லை, தினமும் நடக்க வேண்டும் என்றார். சரோஜா சரி என்றாள். நடக்கவில்லை.

இன்னொரு சேதி. நீங்கள் தொடங்கிய பயிற்சியை அந்த டாக்டரம்மா திரும்ப நடத்தப்போகிறார். திங்கட்கிழமை நான் வந்து வகுப்பு எடுக்க வேண்டுமாம். முதலில் முடியாது என்று சொல்லி அனுப்பினேன். காரணம் உங்களுக்குத் தெரியும். பின்னால் யாராவது இதை எடுத்துப் படித்தால் அவர்களுக்குத் தெரியாது என்பதால் சொல்லிவிடுகிறேன்.

மாத்திரை எழுதுகிற கையால் நடையையும் எழுதிக்கொடுக்க வேண்டும், அதற்குக் கிராம நர்சுகளுக்கும் சுகாதார ஊழியர்களுக்கும் சொல்லித்தர வேண்டும் என்பது என் யோசனை. ஊர் அதை உங்கள் யோசனை என்றது. அது போகட்டும். நான் உடற்கல்வியில் இரண்டு பட்டம் வாங்கியவன், ஆனாலும் உயர்நிலைப் பள்ளியில் எனக்கு டிரில் மாஸ்டர் என்றுதான் பெயர். அதுவும் பழகிவிட்டது.

பாடத்தை இரண்டு தாளில் எழுதிக் கொடுத்தேன். முதல் தாளில் ஒரே ஒரு கேள்விதான். ‘நேற்று எழுந்ததிலிருந்து படுக்கிறவரை என்ன செய்தீர்கள்?’ இதைக் கேட்டு முழுப் பதிலையும் வாங்காமல் யாருக்கும் எதுவும் சொல்லக் கூடாது என்று கீழே கோடு போட்டு எழுதியிருந்தேன். இரண்டாம் தாளில்தான் நடக்கச் சொல்வது, கை கால் நீட்டச் சொல்வது எல்லாம்.

“ஒரே தாள்ல முடியணும் மச்சான். சைக்ளோஸ்டைல்ல காப்பி எடுக்கறவன் அழுவுறான்” என்றீர்கள். முதல் தாளை எடுத்துவிட்டீர்கள். பெண் கொடுத்த வீட்டுக்காரன் நான். என்ன பேச முடியும்?

பிறகு நடந்ததுதான் ஊருக்கே தெரியுமே. நம் ஊழியர்களுக்கு எந்த வேலை கொடுத்தாலும் இத்தனை வீடு என்று எண்ணிக்கை காட்டி முடித்துத்தான் பழக்கம். காய்ச்சல் விசாரிக்க வருகிறவர் கதவோரம் சுவரில் தேதி போட்டுவிட்டுப் போவார் அல்லவா, அதே சுவரில், அதே சாக்பீஸால் ‘நடை சொல்லியாச்சு’ என்று எழுதிக்கொண்டே போனார்கள். பிள்ளைப்பாக்கத்தில் ஒரு வீடு பாக்கியில்லை. அது நடவுக் காலம்.

ஆய்வுக் கூட்டத்தன்று அந்த ஊரில் நடவுக்குப் போகும் கன்னியம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். கூட்டம் நடக்கிறது என்றெல்லாம் அவள் பார்க்கவில்லை.

“இன்னா டாக்டரய்யா, காலீலேர்ந்து சேத்துல குனிஞ்சி இடுப்பு ஒடிஞ்சி கீது. வூட்டுக்கு வந்தா செவுத்துல நடன்னு எய்திட்டுப் போறாங்க. எங்க நடக்கறது? எங்க மாமியா ஊருக்கா?”

கூட்டத்திலிருந்த இருபது பேரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். சிரித்துவிட்டு என்னைக் கை காட்டினீர்கள்.

“எல்லாம் எங்க மச்சான் வேலைம்மா. டிரில் மாஸ்டர் இல்ல? ஊரையே லெஃப்ட் ரைட் போட வச்சிட்டாரு.”

நான் எழுந்து வந்துவிட்டேன். அதன் பிறகு எட்டு மாதம் உங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. பொங்கல் சீரைக்கூட மனைவியிடம்தான் கொடுத்தனுப்பினேன்.

திரும்பி வந்தவள் பையை இறக்கிவைப்பதற்கு முன்பே சொன்னாள். “உங்க மாப்ள படி ஏறும்போது நின்னு நின்னு வராரு. மூஞ்சியெல்லாம் வேர்க்குது. இன்னா ஏதுன்னு போய் ஒரு வார்த்த கேளுங்க.”

நான் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “டாக்டருக்கு டிரில் மாஸ்டர் சொல்லித் தரணுமா?” என்று கேட்டேன். நல்ல பதில் சொல்லிவிட்டதாக அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன்.

சித்திரையில் ஒரு காலை நீங்கள் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, அதன்மேலேயே சாய்ந்துவிட்டீர்கள் என்று ஆள் வந்து சொன்னார்.

போன புதன்கிழமை நர்ஸ் ஸ்டெல்லா பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார், திங்கட்கிழமை வகுப்புக்கு என்னை அழைத்துப் போவதற்காக. உங்களுக்கு அவரைத் தெரியும், சுற்றிவளைத்துப் பேசத் தெரியாதவர்.

“அந்தத் தாளுக்காக இன்னும் கோவமா மாஸ்டர்? அந்தக் கன்னியம்மா வந்து கத்திட்டுப் போன மறுநாளிலேர்ந்து டாக்டர் சார் யாரு வந்தாலும் அதத்தான் மொதல்ல கேட்டாரு. நேத்து எந்திரிச்சதுலேர்ந்து இன்னா பண்ணன்னு சொல்லுன்னு. எங்களையும் கேக்க வச்சாரு. ‘இது எங்க மச்சான் கேள்வி’ன்னு வேற சொல்லுவாரு.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்ல வுட்டீங்களா?”

கன்னியம்மா வீட்டில் கேட்டதையும் சொன்னார். அவளுக்கு ஓய்வுதான் தேவையாம், நடை அல்ல. நடக்க வேண்டியவன் அவள் மகன். வயல் வேலையை விட்டுவிட்டுப் புதுக் கம்பெனியில் ஷிஃப்டுக்குப் போகிறான். கம்பெனி பஸ் தெருமுனையில் ஏற்றி ஆலை வாசலில் இறக்கிவிடுகிறது. எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் ஸ்டூலில் இருக்கிறான். ஒரே வீடு, ஒரே சுவர், பதில் மட்டும் இரண்டு. அந்தக் கேள்வி எதற்காக என்பதை நானே இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கமாட்டேன்.

“டாக்டர் சாரை யாராவது கேட்டீங்களா?” என்று விசாரித்தேன்.

ஸ்டெல்லா என்னையே பார்த்தார். “டாக்டரை யாரு மாஸ்டர் கேக்கறது? உங்கள மாதிரி சொந்தக்காரங்கதான் கேக்கணும்.”

அன்று வீட்டுக்கு வந்து உங்களுக்காக நானே பதில் சொல்லிப் பார்த்தேன். எழுந்தீர்கள். வாசற்படியில் ஸ்கூட்டர். மதியம்வரை நாற்காலி. அங்கேயே சாப்பாடு, மறுபடி நாற்காலி. மாலையில் ஸ்கூட்டரில் வந்து மாடிக்கு ஏறும் அந்தப் பன்னிரண்டு படி. ஒரு நாளில் உங்கள் கால் செய்த வேலை அந்தப் பன்னிரண்டு படிதான். அதிலும் நின்று நின்று. பள்ளியில் படிக்கிற பிள்ளைகூட இந்தப் பதிலைக் கேட்டதும் ஏதோ கோளாறு என்று கையைத் தூக்கியிருக்கும். கேட்டிருந்தால் பிழைத்திருப்பீர்களா? எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். வருகிறேன், ஆனால் இரண்டு தாளும் வேண்டும் என்றேன். முதல் ஒரு மணி நேரம் நோயாளி பேச்சே எடுக்கக் கூடாது. ஊழியர்கள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவரையொருவர் கேட்க வேண்டும். அதுதான் பாடம்.

“நானுமா சார்?” என்று சிரித்தார்.

“மொதல்ல நீங்கதான் மேடம்.”

சிரிப்பு நின்றது. “சரி, நானும் ஒக்காந்துக்கறேன்” என்றார்.

உங்கள் மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று எழுதமாட்டேன். இருபது பேர் முன்னால் சொன்னதற்கு, இருபது பேர் முன்னால் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்னிடம் தனியாகக்கூடச் சொல்லாமல் போய்விட்டீர்களே?

ஆனால் ஒன்று சொல்கிறேன். திங்கட்கிழமை வகுப்புக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. காலையில் முதல் பஸ்ஸில் ஸ்ரீபெரும்புதூரில் உங்கள் வீட்டுக்கு வந்து, அந்தப் பன்னிரண்டு படியும் ஏறுவேன். சரோஜாவிடம் நட என்று சொல்லமாட்டேன். அதை எல்லோரும் சொல்லியாயிற்று. பக்கத்தில் உட்கார்ந்து, நேற்று எழுந்ததிலிருந்து என்ன செய்தாய் என்று கேட்பேன். அவள் சொல்லி முடிக்கிறவரை வாயைத் திறக்கமாட்டேன். பிறகு செருப்பை எடுத்து அவள் காலடியில் வைப்பேன். உங்கள் பெரியம்மாவுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். அவள் ஒவ்வொரு படியிலும் நின்றாலும் நானும் நிற்பேன். ஏரிக்கரைவரை போய்விட்டு வருவோம்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்,
டிரில் மாஸ்டர் தணிகாசலம்