ஒரு தடவை சொன்னது போதும்

சேரன்மகாதேவி,
27.11.1992

அன்புள்ள சண்முகசுந்தரிக்கு,

நீயும் குழந்தை சித்ரலேகாவும் திருப்பூரில் உன் அத்தை வீட்டில் நலமாக இருக்கிறீர்களா? பிள்ளையின் காலில் இருந்த சேற்றுப்புண் ஆறிவிட்டதா? வேப்பெண்ணெய் தடவுவதை நிறுத்திவிடாதே. கார்டில் எழுதினால் கடிதம் உன் கைக்கு வருமுன் நாலு பேர் படித்துவிடுவார்கள். அதனால் கவரில் வைத்து ஒட்டியிருக்கிறேன். படித்ததும் கிழித்துப் போடு.

இங்கே ஆற்றில் வெள்ளம் வடிந்துவிட்டது. வயல்களை மணல் மூடிக் கிடக்கிறது. உங்கள் தெருவில் சுவரோடு நிற்பது இரண்டே வீடுகள்தான். பள்ளிக்கூட முகாமில் இன்னும் நாற்பது குடும்பங்கள் இருக்கின்றன. ஐந்தாம் வகுப்பு அறையில் ஜன்னலோரம் நீ விட்டுப்போன பாயை மும்தாஜ் பேகம் சுருட்டிப் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

அவளைப் பற்றி ஒரு செய்தி. நீ போன மறுநாளே அவளும் மற்றப் பெண்களும் சேர்ந்து, இனி அரிசி வாங்க எந்தப் பெண்ணும் தனியாகப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். நாலு நாலு பேராகத்தான் போகிறார்கள். சாமான் அறைச் சாவியையும் கேட்டு வாங்கிவிட்டாள். பொம்பளைகளுக்குக் கணக்காக அளக்கத் தெரியாது என்று கமிட்டித் தலைவர் குற்றாலலிங்கம் இழுத்தாராம். அதற்கு அவள், "உம்ம வீட்டுல நீரா வே அளந்து போடுதீரு?" என்று கேட்டிருக்கிறாள். வரிசையில் நின்ற ஆண்களே சிரித்துவிட்டார்கள். சாவி இப்போது அவள் இடுப்பில் இருக்கிறது. விசாரணை முடியும் வரைக்கும்தான்.

அந்த விசாரணையைப் பற்றி எழுதுவதற்கு முன் நான் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்.

அதுவரை சாவியை வைத்திருந்த காசிலிங்கம் உன்னை அரிசி வாங்க வரச்சொல்லி, சாமான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்த கொடுமையை முதலில் என்னிடம்தான் சொன்னாய். உடனே டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். அது சரிதான். அதன் பிறகு நான் செய்ததுதான் சரியில்லை. முகாம் கமிட்டியிடம் சொல்லச் சொன்னேன். கிராம அதிகாரியிடம், போலீசாரிடம், டவுனிலிருந்து வந்த மாதர் சங்கப் பெண்களிடம் என்று ஒவ்வொருவர் முன்னாலும் உன்னை நிறுத்தினேன். முப்பத்திரண்டு வருஷம் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்த புத்தி அது. திரும்பத் திரும்பச் சொன்னால் பலம் கூடும் என்று நினைத்தேன். மாதர் சங்கத்தார் முன்னால் உன் குரலே எழும்பவில்லை. "கொஞ்சம் சத்தமாச் சொல்லும்மா" என்று வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னவள் நான்தான். அன்று சாயங்காலமே நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாய்.

காயத்துக்குக் கட்டுப் போட்டிருக்கிறோம். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கட்டை அவிழ்த்து அவிழ்த்துப் பார்த்தால் அது எப்படி ஆறும்? அவிழ்த்துக் காட்டியது நானல்லவா? என்னை மன்னித்துவிடு, அம்மா.

விசாரணை வருகிற வியாழக்கிழமை, பத்தரை மணிக்கு. "உண்மைன்னா அந்தப் பிள்ளை ஏன் ஊரை விட்டு ஓடுது?" என்று காசிலிங்கத்தின் ஆட்கள் கடைத்தெருவில் பேசுகிறார்கள். குற்றாலலிங்கம் என் வீட்டுக்கே வந்து, "அவ நேர்ல வரலைன்னா நாங்க என்ன செய்ய முடியும் டீச்சர்? சாவி பழையபடி அவன் கைக்குத்தான் போகும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நேற்று விசாரணை அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். சின்ன வயசுப் பெண். முதல் நாள் நீ சொன்னதை டாக்டரம்மா எழுதி வைத்திருக்கிறார், அதைப் படித்துக்கொள்ளுங்கள், அந்தப் பெண்ணை இன்னொரு தடவை சொல்ல வைக்காதீர்கள் என்று கேட்டேன். ஒத்துக்கொண்டார். காசிலிங்கம் இல்லாத தனி அறையில், இது நீ சொன்னதுதானா என்று மட்டும் கேட்பாராம். ஆமாம் என்றால் போதுமாம். நான் உள்ளே வரலாமா என்றும் கேட்டேன். நீ சம்மதித்தால் வரலாம் என்றார். வந்தாலும் வாய் திறக்க மாட்டேன்.

உன்னை வா என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. எத்தனையோ இடத்துக்கு வா, வா என்று இழுத்தவள் நான். மும்தாஜும் மற்றவர்களும் கூட, அவளை வற்புறுத்தி எழுதாதீர்கள் என்றுதான் சொன்னார்கள். சொல்லும்போது மும்தாஜ் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

புதன்கிழமை ராத்திரி திருப்பூரில் புறப்படும் பஸ் மறுநாள் காலை ஏழு மணிக்குள் திருநெல்வேலி ஜங்ஷனுக்கு வந்துவிடும். ஆறு மணியிலிருந்து நான் பஸ் ஸ்டாண்டில் இருப்பேன். ஒன்பது மணி வரை பார்ப்பேன். நீ வராவிட்டால் தனியாகப் போய், அவள் சொன்னது உண்மை, அவளைப் பேச முடியாமல் ஆக்கியது நான் என்று எழுதிக் கொடுப்பேன். அதனால் உன் மேல் எனக்கு ஒரு குறையும் வராது. எங்கே இருந்தாலும் நீயும் பிள்ளையும் வயிறாரச் சாப்பிட்டு, பயமில்லாமல் தூங்கி எழ வேண்டும்.

வியாழக்கிழமை மத்தியானம் என் வீட்டில் மூன்று பேருக்குச் சோறு வடிப்பேன். மிஞ்சினால் மிஞ்சட்டும்.

உன் நலத்தையே நினைத்திருக்கும்,
கோமதியம்மாள் டீச்சர்