ஒரே குழாயில் இரண்டு கேபிள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே அனைவரும் நலம் என்று தொடங்கத்தான் கை போகிறது. பொய் எழுத மனம் வரவில்லை. எத்தனை முறை கூப்பிட்டும் நீ போனை எடுக்காததால் இந்தக் கடிதம். உன் புது அலுவலக விலாசத்தை உன் மனைவிதான் கொடுத்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. நானும் சொல்லவில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலை பாலத்தடியில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டிய இயந்திரம், ஒரே இழுப்பில் எங்கள் மையத்துக்கு வரும் இரண்டு போன் கேபிளையும் அறுத்துவிட்டது. நான் லைன்களைப் பார்த்துக்கொள்ளும் ஆம்புலன்ஸ் அழைப்பு மையம் ஐம்பது நிமிடம் ஊமையாகக் கிடந்தது. ஒன்று போனால் இன்னொன்று கைகொடுக்கட்டும் என்றுதானே இரண்டு கம்பெனியிடம் வாங்கினேன்? அதில் இரண்டாவதான உன் கம்பெனி கேபிள் ஆற்றோரச் சாலை வழியாகத் தனியாக வருகிறது என்று வரைபடத்தில் கையெழுத்துப் போட்டவன் நீ.

என் பழக்கம் உனக்குத் தெரியும். சாக்பீஸும் கடப்பாரையுமாகத் தெருத் தெருவாக நடந்து, கேபிள் குழிகளின் மூடியை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால்தான் எனக்குத் திருப்தி. அலுவலகத்தில் எனக்கு ‘மூடி மேடம்’ என்றே பெயர். இந்த ஒரு தடவைதான் நடக்கவில்லை. “நானே நடந்து பாத்துட்டேன்க்கா, நீ எதுக்கு வெயில்ல அலையுற” என்றாய். கூடப்பிறந்தவன் சொல்கிறானே என்று, நேரில் பார்த்ததாக நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பள்ளத்தில் நானே இறங்கினேன். இரண்டு கேபிளும் ஒரே குழாய்க்குள் கிடந்தன. உங்கள் கேபிளில் ஒரு மஞ்சள் அட்டை கட்டியிருந்தது. இடப்பக்கம் சாய்ந்த உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? தேதி, நீ வரைபடம் கொடுத்ததற்கு மூன்று நாள் முன்பு. ஆற்றோரம் தோண்ட அனுமதி கிடைக்கவில்லையாமே, அதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காத்திருந்திருப்பேனே. தெரிந்தே என் கண்ணில் மண்ணைத் தூவினாயே, பாவி.

நேற்று ஒரு பெரியவர் வந்தார். மனைவிக்கு மூச்சுத் திணறியபோது பதினொரு முறை அழைத்தாராம். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்; பாதி வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அவர் சத்தம்கூடப் போடவில்லை. “ரெண்டு லைன் இருக்குன்னு பேப்பர்ல போட்டிருந்தீங்களேம்மா, ரெண்டாவது எங்க போச்சு” என்று மட்டும் கேட்டார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு விசாரணை. நடக்காமலே கையெழுத்துப் போட்டதை மறைக்கப் போவதில்லை. வேலை போனால் போகட்டும். அந்த அட்டை என் கைப்பையில் இருக்கிறது. இன்னும் யாரிடமும் காட்டவில்லை. அதை என் கையால் எடுத்துக் கொடுக்க வைத்துவிடாதே. நீயே வந்து, உன் வாயால் சொல். அன்று காலை அலுவலக வாசலிலேயே நிற்பேன்.

நீயும் குழந்தைகளும் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் வேண்டிக்கொள்கிறேன். அந்தப் பெரியவர் முகம் நினைவுக்கு வந்தால் வேண்டுதல் பாதியில் நின்றுவிடுகிறது. வந்துவிடு, தம்பி.

இன்னும் உன்
அக்கா