சேபா ராணிக்கு எந்த ஊர்?

காலையில் மாதா கோயிலில் சாம்பிராணிப் புகை கண்ணைக் கரித்தது. புதிதாக வந்திருக்கும் சாமியார் பிரசங்கத்துக்கு நடுவே, "இந்தச் சாம்பிராணி சேபா ராணியோட அரபு நாட்டுச் சரக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். என்னால் போக முடியவில்லை. ஜெபமாலையை உருட்டிக்கொண்டே உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். செத்துப்போனவளைத் திட்டுவது பாவம் என்றால், அந்தப் பாவம் உன்னையே சேரட்டும்.

ஆப்பிரிக்காவில், அபிசீனியா தேசத்தில் சண்டை என்று பேப்பரில் வந்துகொண்டிருந்த வருஷம் அது. ஆவூர்ப் பக்கத்து மடத்துப் பள்ளியில் நாம் இருவரும் போர்டிங். நாடகம் என்றால் சிவப்பாக இருப்பவளுக்கு ராணி வேஷம். கறுப்பாக இருப்பவர்களுக்குக் காவலாளி, வேலைக்காரி, இல்லையென்றால் மிருகம். நீ சாலொமோன் ராஜாவைப் பார்க்க வரும் சேபா ராணி, நான் உன் பின்னால் வரும் ஒட்டகத்தின் பின்னங்கால். கோணிக்குள் குனிந்தபடி நிம்மதியாகத்தான் இருந்தேன். லீவுக்குப் போனால் அம்மா கடலை மாவைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, "ஒன்னைய எவன்டி கட்டுவான்" என்று புலம்புவாள். யார் கண்ணிலும் படாமல் இருந்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

ஒத்திகையில் நீ திடீரென்று நின்றாய்.

"மதர், இந்த ராணி அபிசீனியாக்காரி. அந்த ஊரு ராஜாவே இவ வம்சந்தான்னு பேப்பர்ல போட்டிருக்கு. ராணி கறுப்புத்தான், மதர்."

"சரி, கரி பூசிக்க" என்றார் மதர்.

"கரி எதுக்கு மதர்? அங்கிட்டுக் கோணிக்குள்ள இவ இருக்காளே!"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கிணற்றடியில் உன்னைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒன்னைய யாருடி கேட்டா? பாவம் பாக்குறியா?"

"ஒனக்காகச் சொல்லலடி. உள்ளதச் சொன்னேன்."

ஆறுதலுக்கு ஒரு பொய் சொல்லத் தெரியுமா உனக்கு? கடைசியில் நீ கோணிக்குள் போனாய், நான் பவுடர் போடாத முகத்தோடு ராணியாக வந்து நின்றேன். பார்க்க வந்த அம்மா வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அதன்பிறகு எங்கள் வீட்டில் கடலை மாவு பஜ்ஜிக்கு மட்டும்தான்.

ஐந்தாறு வருஷம் கழித்து, திருமயத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சாவகாசமாகச் சொல்கிறாய்: "ஏ, அந்த ராணி அரபு நாடாம்டி. அபிசீனியாதான்னும் சொல்றாங்க. நிச்சயமா யாருக்கும் தெரியாதாம்."

"இத இப்ப வந்து சொல்றியே, பாவி!"

சிரித்துக்கொண்டே பஸ் ஏறினாய். அடுத்த மாதமே விஷக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. சண்டையைப் பாதியில் விட்டுப் போவது என்ன பழக்கமோ!

நீ போன பிறகு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். வந்தவர்களில் ஒரு அம்மாள், "பொண்ணு நெறம் கொஞ்சம் மட்டு..." என்று இழுத்தார். "நல்லா வெளிச்சத்துல பாருங்க" என்று நான் எழுந்து வாசலில் போய் நின்றேன். அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று. போகட்டும்.

நிச்சயமில்லாத ஒரு பேப்பர் சேதியை வைத்து என் தலையை நிமிர்த்திவிட்டாய். சேதி ஆட்டங்கண்டுவிட்டது. தலைதான் இறங்கமாட்டேன் என்கிறதடி.