பரவைச் சக்களத்திக்கு உடம்பு சரியில்லை

என்னங்க,

இன்று காலை தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது உங்கள் செல்போன் அடித்தது. ஆமாம், இன்னும் ரீசார்ஜ் செய்துகொண்டுதான் இருக்கிறேன். "போன மனுசனுக்கு எதுக்கு மதினி ரீசார்ஜு?" என்று உங்கள் தங்கச்சி திட்டுகிறாள். திட்டட்டும். எடுத்துக் காதில் வைத்தால் பின்னால் மிஷின் ஓடுகிற சத்தம்.

"அண்ணே, பரவை பிஸ்கட் கம்பெனியில இருந்து பேசுறேன். புதுசா வந்த சூப்பர்வைசர்ணே. கேமராவுல படம் பட்டை பட்டையா ஓடுது. நல்ல பாக்கெட்டையெல்லாம் தள்ளிவிடுதுண்ணே."

உங்கள் நம்பர் இன்னும் அந்த மிஷின் மேல் ஒட்டியிருக்கிறதாம். எனக்குச் சுருக்கென்றது. நீங்கள் போன பிறகும் அவள் உங்களைத்தான் கேட்கிறாள்.

அந்தக் கேமராவைத்தான் சொல்கிறேன். உள்ளங்கையில் அடங்குகிற பெட்டி. ஓடுகிற பாக்கெட்டுகளுக்கு மேலே உட்கார்ந்துகொண்டு, தேதி ஒழுங்காக அச்சாகியிருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் படம் பிடித்துப் பார்க்கிறவள். படம் கெட்டுப்போனால் நல்லது கெட்டது தெரியாமல் எல்லாவற்றையும் கீழே தள்ளுவாள். அவளுக்கும், மதுரையைச் சுற்றி அவளைப் போல இருந்த அத்தனை பேருக்கும் வைத்தியம் பார்ப்பதுதான் உங்கள் பிழைப்பு. சக்களத்தி என்று நான் சொன்னால் சிரிப்பீர்கள். நான் ஒன்றும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? ரொம்ப நாள் நச்சரித்து, வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் போகலாம் என்று உங்களைக் கிளப்பியிருந்தேன். பட்டுச்சேலை கட்டி, பைக்கில் ஏறி, ஒத்தக்கடை தாண்டவில்லை, போன் வந்துவிட்டது. "ஒரு பத்து நிமிசம் செல்வி, பாத்துட்டு வந்துருவோம்" என்று வண்டியைப் பரவைக்கு விட்டீர்கள். குளம் ஒரு திசை, பரவை ஒரு திசை. பிஸ்கட் வாசத்துக்கு நடுவே, பட்டுச்சேலையோடு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். பாக்கெட் அடுக்குகிற பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அங்கேதான் அதைக் கேட்டேன். நீங்கள் குனிந்து, அவள் முகத்துக்கு நேரே முகத்தை வைத்து, "என்னம்மா, என்ன ஆச்சு ஒனக்கு?" என்றீர்கள். அப்படி ஒரு குரல் உங்களிடம் இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். எனக்குத் தலைவலி என்றால், "நீதான் மருந்துக் கடையில வேலை பாக்குறியே, ஒரு மாத்திரையப் போட்டுக்க" என்பதோடு சரி.

அவளிடம் என்ன பொறுமை! முதலில் லென்ஸ் மூடியைப் போட்டு வெறும் இருட்டைப் பார்த்தீர்கள். பிறகு வயரைக் கழற்றி மாட்டினீர்கள். பிறகு லென்ஸ். அவசரப்படுத்திய மேனேஜரிடம், "எல்லாத்தையும் சேத்து மாத்தக் கூடாது சார். ஒரு நேரத்துல ஒண்ணு. நேத்து வரைக்கும் நல்லா இருந்தவளுக்கு இன்னைக்கு என்ன மாறிச்சுன்னு பாக்கணும்" என்றீர்கள். கடைசியில் பார்த்தால் லென்ஸில் எண்ணெய்ப் பிசுக்கு. ஸ்பிரிட் தொட்ட துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்டம் வட்டமாகத் துடைத்தீர்கள். திரையில் தேதி பளிச்சென்று வந்ததும் உங்கள் முகத்தில் ஒரு சிரிப்பு. என் வயிறு எரிந்தது. நாம் தெப்பக்குளம் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. ஒரு பஜ்ஜி வாங்கிக் கொடுத்துக் கூட்டிவந்துவிட்டீர்கள்.

எங்கள் அம்மா செத்த பிறகு நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. நீங்கள் கேட்பீர்கள் என்று பார்த்தேன். கேட்கவில்லை. சரி, உங்கள் வித்தையை உங்களிடமே காட்டுவோம் என்று ஒன்றே ஒன்றை மாற்றினேன். குழம்பில் உப்புப் போடவில்லை. சாப்பிட்டுவிட்டு எழுந்து போனீர்கள். மறுநாளும் போடவில்லை. அதற்கும் மறுநாள் ஒரு பாட்டில் ஊறுகாய் வாங்கிவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டீர்கள்! அவளுக்கு ஒரு கோடு விழுந்தால் ஊரைத் தாண்டிப் பறக்கிற மனுசனுக்கு, எதிரில் நின்று சோறு போடுகிறவளிடம் ஒரு வார்த்தை கேட்க வரவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, சொல்லிவிட்டேன்.

நான் கேட்டேன். நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களே, அன்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, வாயு" என்றீர்கள். ஊர்க் கேமராவின் கோளாறெல்லாம் தெரிந்தவர் என்று நானும் நம்பித் தொலைத்தேன்.

இன்று போனில் அந்தச் சூப்பர்வைசரிடம் விஷயத்தைச் சொன்னேன். "அவரு எறந்துட்டாரு தம்பி." அவர் பதறிப்போனார். "ஐயோ, தெரியாதுக்கா, மன்னிச்சுக்கங்க. கோயம்புத்தூர்ல இருந்து ஆள் வரச் சொல்லிக்கிறோம். நாளைக்குத்தான் வருவாங்க. வச்சுர்றேன்க்கா."

கிடக்கட்டும் என்றுதான் முதலில் தோன்றியது. ஒரு நாள் அவளும் கேட்க நாதியில்லாமல் கிடக்கட்டும். ஆனால் என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

"வைக்காதீங்க தம்பி. என்ன ஆச்சு அவளுக்கு?"

அவர் மறுபடி சொன்னார். லென்ஸ் மூடியைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன்.

"இப்ப இருட்டுதான்க்கா தெரியுது. பட்டையக் காணோம்."

"அப்ப அவளுக்குள்ள ஒண்ணுமில்ல. வெளியதான் ஏதோ மாறியிருக்கு. நேத்து என்ன மாத்துனீங்க?"

"ஒண்ணும் மாத்தலையேக்கா."

"லைட்டு கிட்டு?"

"ஆமாக்கா, மேல டியூப்லைட்டு போயிருச்சுன்னு நேத்து புதுசா எல்.ஈ.டி. லைட்டு மாட்டுனாங்க."

"அத அணைச்சுட்டுப் பாருங்க."

நம் கண்ணுக்கு ஒரே சீராக எரிகிற விளக்கு அவள் கண்ணுக்கு மினுக்கி மினுக்கித் தெரியும் என்று, இட்லியைப் பிய்த்துக்கொண்டே போனில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பீர்கள்! என்னிடம் சொல்லாவிட்டாலும் அதெல்லாம் என் காதில்தானே விழுந்துகொண்டிருந்தது.

"போயிருச்சுக்கா! தேதியெல்லாம் பளிச்சுனு இருக்கு. அக்கா, நீங்களும் இன்ஜினியரா?"

"இல்ல தம்பி. மருந்துக் கடையில வேலை பாக்குறேன்."

போனை வைத்தேன். தோசை கருகியிருந்தது. அவளுக்குச் சரியாகிவிட்டது. அவளுக்கு எப்போதும் சரியாகிவிடும். அதற்கும் ஒரு ஆள் அமைந்துவிடுகிறது, இன்றைக்குப் பார்த்து அது நானாகப் போய்விட்டது. எரிச்சலாகத்தான் இருக்கிறது.

ஆனால் "என்ன ஆச்சு அவளுக்கு?" என்று நான் கேட்ட குரல் என்னுடையது இல்லைங்க. அந்த ஞாயிற்றுக்கிழமை குனிந்து நின்று நீங்கள் கேட்டதே, அதே குரல். ஸ்டூலில் உட்கார்ந்தபடி அன்றே அதை எடுத்து வைத்துக்கொண்டேன் போலிருக்கிறது. இத்தனை வருடம் காத்திருந்தேன், இன்றுதான் அது நம் அடுப்படியில் ஒலித்தது. அடுப்பை அணைத்துவிட்டு, என்னைத்தான் கேட்டதுபோல அங்கேயே நின்றேன்.

நேற்று வரைக்கும் நன்றாக இருந்தவளுக்கு என்ன மாறிச்சு என்றுதானே பார்ப்பீர்கள்? உங்கள் கணக்குப்படியே என்னையும் பார்த்துவிட்டேன். ஒன்றே ஒன்றுதான் மாறியிருக்கிறது. இப்போது நீங்கள் இல்லை.