கருவாட்டுத் தாள்

பாக்கியத்தோட அப்பாவுக்கு,

தங்கச்சிக்கு வலி கண்டுருச்சாம். பாக்கியத்தைக் கூட்டிக்கிட்டு ரயிலுக்குப் போறேன். சோறும் சம்பலும் மூடி வச்சிருக்கேன். வெளிய போனா சாவியை எதிர்வீட்டுச் சக்கீனா அக்காகிட்ட குடுங்க.

பேங்கு வேலைக்கு இங்கிலீஷ் பேப்பர்ல விலைப் பக்கத்தை வாசிச்சுக் காட்டுற பரீட்சைக்குப் போற பசங்க சாயங்காலம் உங்ககிட்டப் படிக்க வருவாங்க. நீங்க வாங்கின புதுப் பேப்பர்ல ரப்பர் விலை போட்ட பக்கத்தை மடிச்சு அலமாரியில வச்சிருக்கேன். அதுல கருவாட்டு வாடை இல்ல, பயப்படாதீங்க.

"நாத்தம் பிடிச்ச தாளை எதுக்குச் சேர்த்து வைக்கிற"ன்னு நேத்து பசங்க முன்னால கத்தினீங்களே. நாம ரப்பர் தோட்டத்துல இருந்தப்ப, இதே பரீட்சைக்கு நீங்க படிக்கையில பேப்பருக்கு எங்க போனோம்? "விலை போட்ட பக்கத்துலயே கருவாட்டைக் கட்டிக் குடுங்க நானா"ன்னு கடைக்கார நூஹு நானாகிட்டக் கெஞ்சி வாங்கிட்டு வந்து, துடைச்சு வெயில்ல காயவைப்பேன். நீங்க சத்தமா வாசிப்பீங்க, பக்கத்து வீட்டுப் பூனை வந்து மடியில ஏறும். எவ்வளவு சிரிச்சோம்!

முத்தம்மா

இன்னொண்ணு. நேத்து நீங்க கசக்கி வீசின கருவாட்டுத் தாளை, படிக்க வர்ற பையன் பத்துமலை எடுத்து, நீவி, சட்டைக்குள்ள வச்சுக்கிட்டுப் போனான். அவன் வீட்டுல பேப்பர் வாங்க வழியில்ல. இன்னைக்கு நம்ம பூனை அவன் மடியில ஏறினா விரட்டாதீங்க.